ஜெபக்காவும் இடது காதும்

ஜெபக்காவுக்கு அந்தப் பட்டப்பேர் வந்ததே ஒரு மின்வெட்டில்தான். டயர் கடைக்கு மேலே இருக்கும் வாடகைக் கூடத்தில் அவளுடைய சபை கூடும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில் கரண்ட் போனது. மைக் செத்தது, மின்விசிறி நின்றது, குழந்தைகள் அழ ஆரம்பித்தன. போதகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன் வரிசையில் இருந்த இவளைப் பார்த்து, “அக்கா, ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க” என்றார். எழுந்தாள். கரண்ட் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை இவள் வாயை மூடவில்லை. வானத்தில் ஆரம்பித்து, பூமிக்கு இறங்கி, ஆளுகிறவர்கள், விதவைகள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், கப்பலில் போகிறவர்கள் என்று ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. “ஆமென்” என்றதும் மின்விசிறி சுற்றியது. அப்புறம் கேட்க வேண்டுமா? அன்றையிலிருந்து ஜெபக்கா.

ஓர் உண்மையை இங்கேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. கூட்டத்தில் அப்படிக் கொட்டித் தீர்க்கிற ஜெபக்காவுக்கு, வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஒரு வரி வராது.

முயற்சி செய்யாமல் இல்லை. தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டாள். போதகர் வருஷா வருஷம் ‘அஸ்திவாரம்’ என்று ஒரு தொடர் பிரசங்கம் வைப்பார். திரையில் ஒரு வீட்டுப் படத்தைப் போட்டு, மண்ணுக்குக் கீழே இருக்கிறதைக் குச்சியால் தட்டித் தட்டிக் காட்டுவார். தினமும் ஆண்டவரோடு தனியாக இருக்கிற நேரம்தான் அந்தக் கீழ்ப்பகுதி என்பார். ஜெபக்கா முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள். தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்ததுதான் கண்ட பலன்.

காலை ஐந்து மணிக்கு அலாரம். கட்டிலோரம் முழங்கால் போடுவாள். “ஆண்டவரே” என்பாள். அடுத்த வார்த்தைக்கு முன்னால் குக்கர் கேஸ்கட் வந்து நிற்கும். அதைத் துரத்தினால் பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் மோட்டாரைப் போடுவான். மோட்டார் சத்தம் தாலாட்டு மாதிரி ஆகி, முகம் மெத்தையில் புதைந்துவிடும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் ஆறு மணிக்கு எழுந்து, கன்னத்தில் படுக்கை விரிப்பின் மடிப்பு பதிந்திருக்கும் மனைவியைத் தட்டி எழுப்புவார்.

“இன்னைக்கு ஆண்டவர் என்ன சொன்னார்?”

“உங்களை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொன்னார்.”

உட்கார்ந்து பார்த்தாள், நின்று பார்த்தாள், மொட்டை மாடியில் நடந்து பார்த்தாள். மாடியில் போனால் கொடியில் காய்ந்த துணியை எடுக்கத்தான் கை போனது. வேதத்தை ஒரே வருஷத்தில் வாசித்து முடிக்கும் அட்டவணையும் உண்டு. ஜனவரியில் ஓட்டமாக ஓடுவாள். பிப்ரவரி பாதியில் பலிகளைப் பற்றிய சட்டங்கள் வரும். அதோடு வண்டி நின்றுவிடும். அவளுடைய வேதத்தின் சிவப்பு ரிப்பன் பதினோரு வருஷமாக அதே பக்கத்தில் கிடந்து அங்கே ஒரு கறையே விழுந்துவிட்டது.

எரிச்சலான எரிச்சல் இல்லை. மற்றவர்களெல்லாம் காலையில் ஆண்டவரோடு காபி குடித்துவிட்டு வந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு வருகிறார்களே, எனக்கு மட்டும் என்ன கேடு? இதை யாரிடம் போய்க் கேட்பது? ஜெபிக்க வரவில்லை என்று ஜெபக்காவே சொன்னால் ஊர் சிரிக்காதா?

அதனால் ஒரு நோட்டுப் போட்டாள். சபை முடிந்து படியிறங்கும்போது ஆளாளுக்கு வந்து கையைப் பிடிப்பார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, முட்டிவலி, வீட்டுக்காரன் குடி. எல்லாவற்றுக்கும் “ஜெபிச்சுக்கிறேன்ம்மா” என்பாள். வீட்டுக்கு வந்து தேதி போட்டு எழுதுவாள். எழுதி மூடி வைத்தால் ஜெபித்தே முடித்த மாதிரி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அவளைக் கெடுத்தது. இப்போது ஓடுவது நாலாவது நோட்டு.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் வேலை பார்த்தது ஒரு சட்டைக் கம்பெனியில். செக்கிங் மேஜை. தைத்து வருகிற சட்டையின் காலரைப் புரட்டி, உள்தையலைப் பார்த்து, நூல் பிசிறை வெட்டி, சரியில்லாததைச் சிவப்புக் கூடையில் எறிய வேண்டும். கண் அவ்வளவு கூர்மை. மேஜைக்கு இரண்டடி தள்ளி, பொத்தான் துளைக்குக் காஜா போடும் மெஷின். அதில் உட்காருகிறவளுக்குக் காஜாக்காரி என்றே பேர். முப்பது வயசுக்காரி. கட்டினவன் விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. ஆறு வயசில் ஒரு பெண் குழந்தை. எந்தச் சாமியும் கும்பிடாதவள். “கும்பிட்ட நாள்லயே ஒண்ணும் கிழியல” என்பாள்.

ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஜெபக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, பாப்பாவுக்குக் காதுல ஆபரேஷன். ஜவ்வுல ஓட்டையாம். வர்ற செவ்வாய்க்கிழமை. மயக்க மருந்து குடுத்துப் பண்ணுவாங்களாம்.”

“ஒண்ணும் ஆகாதும்மா.”

“நான் எதையும் நம்பாதவ, உங்களுக்கே தெரியும். ஆனா நீங்க கேட்டா கேட்பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்காக ஒரு தடவை கேளுங்கக்கா.”

“ஜெபிச்சுக்கிறேன்ம்மா,” என்றாள் ஜெபக்கா. போய்ட்டு வர்றேன் என்று சொல்வது போல அத்தனை சுலபமாக வாயில் வந்தது.

அந்த வாரம் ஒரு பெரிய ஆர்டர் கிளம்ப வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று குரைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எண்ணூறு காலர். சனி வந்தது, ஞாயிறு போனது, செவ்வாயும் போனது. காஜா மெஷின் காலியாகக் கிடந்ததை அவள் கண் பார்த்தது, மண்டைக்கு ஏறவில்லை. நோட்டில் கூட எழுதவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது சுரீர் என்றது. ஐயோ, அந்தப் பிள்ளை!

அடுத்த வாரம் காஜாக்காரி ஓடி வந்து, மேஜை மேலிருந்த சட்டைகளைத் தள்ளிவிட்டு, இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

“நல்லபடியா முடிஞ்சுதுக்கா. எல்லாம் உங்களாலதான்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன்ம்மா என்று ஒரே வார்த்தை. வாயைத் திறந்தாள். “ஸ்தோத்திரம்” என்று வந்தது.

அன்று முழுக்க ஆண்டவர் மேல்தான் கோபம். கேட்காமலே கொடுத்துவிட்டீரே, இனிமேல் நான் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? என்னை எதற்கு இப்படி நடுவில் நிறுத்தி மானத்தை வாங்குகிறீர்? இது ஜெபத்தில் சேருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சேராது என்றே நினைத்துக்கொண்டாள்.

விஷயம் சபைக்கு எட்டியது. கம்பெனியில் வேலை பார்க்கும் இன்னொருத்தி போதகர் காதில் போட்டுவிட்டாள். போதகருக்குத் தலைகால் புரியவில்லை. சாமியே கும்பிடாதவள் ஒருத்தி ஜெபத்தால் சுகம் கண்டாள் என்றால் லேசா? “அந்தச் சகோதரியையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. நீங்க சாட்சி சொல்லுங்க” என்றார். ஜெபக்கா தட்டிக் கழித்துப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு மேல் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காஜாக்காரி இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு, முதன்முதலாக அந்தப் படியேறி வந்தாள். பாப்பாவின் தலைமுடியைக் காதுகளை மூடுகிற மாதிரி வாரிவிட்டிருந்தாள். இரண்டு பேரையும் முன் வரிசையிலேயே உட்கார வைத்தார்கள்.

ஜெபக்கா மைக்கைப் பிடித்தாள். சுருக்கமாகச் சொல்லி இறங்கிவிட வேண்டும் என்றுதான் ஏறினாள். ஆனால் மைக்கைப் பிடித்தால் அவள் அவளாக இருப்பதில்லை. குரல் தானாக ஏறியது. கைகள் உயர்ந்தன. “மூணு நாள், பிரியமானவர்களே, மூணு நாள் அன்னம் ஆகாரம் இல்லாம, அந்தப் பிஞ்சோட வலது காதுக்காக ஆண்டவர் பாதத்துல விழுந்து கிடந்தேன்!”

“அல்லேலூயா!” என்றது கூடம்.

“வலது காது இல்ல,” என்றது பாப்பா. சின்னக் குரல்தான், மைக்குக்குப் பக்கத்தில் இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முடியை ஒதுக்கி இடது காதை இழுத்துக் காட்டியது. “இந்தக் காது.”

கூடமே சிரித்தது. வாய் தவறிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். போதகரும் சிரித்துக்கொண்டே, “ஆண்டவருக்கு ரெண்டு காதும் தெரியும்” என்று சமாளித்தார். காஜாக்காரி மட்டும் சிரிக்கவில்லை. ஜெபக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபக்கா முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் கம்பெனியில் கை கழுவும் இடத்தில் காஜாக்காரி அவளைப் பிடித்தாள்.

“அக்கா, ஒண்ணு கேட்பேன். உண்மையைச் சொல்லணும். எந்தக் காதுன்னு உங்களுக்கு நேத்து வரைக்கும் தெரியாதுதானே?”

“தெரியாதும்மா.”

“நீங்க என்கிட்ட கேட்கவும் இல்ல.”

“இல்ல.”

“அப்போ ஜெபம்?”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஜெபக்கா அதை மூடினாள். “பண்ணலம்மா. மறந்துட்டேன். வியாழக்கிழமைதான் ஞாபகம் வந்துச்சு.”

காஜாக்காரி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

“ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஃபாரம் குடுத்தாங்க. பிள்ளைக்கு என்ன ஆனாலும் நாங்க பொறுப்பில்லைன்னு எழுதியிருந்துச்சு. எனக்குக் கை ஓடல. பக்கத்துல ஒரு நாதி இல்ல. அக்கா இந்நேரம் கேட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். உங்க சாமியை எனக்குத் தெரியாதுக்கா. உங்களைத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இரண்டடி தூரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு, நூல்கண்டு கேட்பதற்குக் கூட வேறொருத்தியை அனுப்பினாள்.

வீட்டில் ஜெபக்கா வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு லிஃப்ட் பொத்தானைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியுமே,” என்றார். “மெத்தையில நீ தூங்கி விழுற இடத்துல பள்ளமே விழுந்திருக்கு.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“நான் என்ன பெரிய யோக்கியனா? அதுவும் இல்லாம, நீ முழங்காலாவது போடுற.”

அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருத்தர் அவளைப் பிடித்து நன்றாக நாலு வார்த்தை கேட்டால் தேவலை என்று இருந்தது. போதகரிடம் போனாள். நடந்ததைச் சொல்லி, அடுத்த மாதம் தன்னை நடத்தச் சொல்லியிருந்த அஸ்திவார வகுப்புக்கு வேறு ஆள் பார்க்கும்படி கேட்டாள்.

போதகர் நெற்றியைத் தேய்த்தார். “அக்கா, மனுஷங்கன்னா மறதி இருக்கும். இதைப் போய்ப் பெருசு பண்ணாதீங்க. வகுப்புக்குப் பதினாலு பேர் பேர் குடுத்திருக்காங்க, உங்களுக்காகத்தான்.”

“எனக்கே அஸ்திவாரம் இல்லைங்கய்யா. நான் எதைச் சொல்லிக் குடுக்கிறது?”

“பார்த்தீங்களா, இந்தத் தாழ்மைதான் வேணும்.”

சரி, இவரிடம் பேசிப் பயனில்லை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே எழுந்தாள். மைக் இல்லாமல், இடத்தில் நின்றபடியே சொன்னாள். அந்தக் குழந்தைக்காக நான் ஜெபிக்கவில்லை. மூன்று நாள் உபவாசம் என்றது பொய். நோட்டில் எழுதிய உங்கள் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் நான் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.  இதோடு ஜெபக்கா என்கிற பேர் ஒழிந்தது என்று ஒரு பக்கம் பயமும் ஒரு பக்கம் நிம்மதியுமாக உட்கார்ந்தாள்.

 பின் வரிசையில் ஓர் அம்மாள் விசும்பினாள். “எவ்வளவு பெரிய தாழ்மை! நம்மில யாருக்கு இந்த மனசு வரும்?” என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்தார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம் அவளை மொய்த்தது. “அக்கா, உங்களை மாதிரி உண்மையானவங்க ஜெபம்தான் வேணும். என் தம்பி விசா விஷயம்...”

கத்திவிடலாமா என்று இருந்தது. பொய் சொன்னாலும் ஏறுகிறது, உண்மையைச் சொன்னாலும் ஏறுகிறது. இந்தப் பேரை எந்தக் குழியில் போட்டுப் புதைப்பது? “எனக்கு ஜெபிக்கத் தெரியாதுங்க,” என்றாள். அவர்கள் இன்னும் உருகினார்கள். பக்கத்தில் நின்றவனைத் தள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கம்பெனி மணி அடிப்பதற்குமுன், காஜா மெஷின் பக்கத்தில் போய் நின்றாள்.

“இன்னைக்கு பஸ்ல பாப்பா காதுக்காகக் கேட்டேன். ஒரு வரிதான். அதுக்கு மேல வரல.”

காஜாக்காரி நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மறுநாள்: “இன்னைக்கு மறந்துட்டேன்.”

அதற்கு மறுநாள்: “இன்னைக்கும் மறந்துட்டேன்.”

அடுத்த வாரம், “கேட்க ஆரம்பிச்சேன், தூங்கிட்டேன், ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன்” என்றபோது காஜாக்காரி நூலைக் கீழே வைத்தாள்.

“இதையெல்லாம் எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?”

“வேற யாரும் நம்ப மாட்டேங்கறாங்கம்மா.”

காஜாக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. “சரி, போங்க. மணி அடிச்சாச்சு.”

இரண்டு மாதம் கழித்து டாக்டர் காதைத் திரும்பப் பார்த்தார். ஒட்டுப் போட்டது பிடிக்கவில்லை. ஓட்டை அப்படியே இருந்தது. நாலு மாதம் பொறுத்து மறுபடியும் ஆபரேஷன். முன்பு போதகர் காதில் போட்ட அதே கம்பெனிக்காரி மூலமாக அது சபைக்குத் தெரிந்ததும், அந்தச் சாட்சியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. போதகர் கூட வேறு பேச்சு பேசினார். ஜெபக்காவை மட்டும் அது விடவில்லை. ஆண்டவரே, உமக்கு என்னதான் வேண்டும்? நான் கேட்காதபோது கொடுத்தீர் என்று நினைத்தேன். கேட்க ஆரம்பித்த பிறகு இல்லை என்கிறீர். ஒரு சின்னப் பிள்ளையின் காதில் எதற்கு இந்த விளையாட்டு? பேருந்தில் ஜன்னலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாள். கம்பெனி ஸ்டாப் வந்தபோது, வழி முழுக்கத் தூங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அதையும் போய்க் காஜாக்காரியிடம் சொன்னாள். “இன்னைக்குச் சண்டை போட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“எனக்கும் அப்படித்தான்,” என்றாள் காஜாக்காரி.

நாலு மாதத்தில் கேட்ட நாளைவிடக் கேட்காத நாள்தான் அதிகம். அஸ்திவார வகுப்பை அவள் நடத்தவில்லை. பதினைந்தாவது ஆளாகக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். புதிதாக வந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் அன்று யாரும் கூப்பிடாமலே, லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பச்சைப் பெயின்ட் அடித்த நீளமான வராந்தா. ஆணி அடித்து வைத்த நாற்காலிகள். கடைசி நாற்காலியில் காஜாக்காரி, மடியில் பாப்பா, பாப்பாவுக்குப் பெரியவர்கள் அளவில் ஒரு ஆஸ்பத்திரி அங்கி. ஜெபக்காவைப் பார்த்துவிட்டுக் காஜாக்காரி பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

நர்ஸ் ஃபாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். காஜாக்காரி பேனாவை வாங்கினாள், எழுதவில்லை.

“அக்கா, இப்போ பண்ணுங்க. இங்கேயே.”

ஜெபக்கா வழக்கம்போலக் கண்ணை மூடினாள்.

“மூடாதீங்க. மூடினா உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கணும்.”

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்து அவளுக்குப் பழக்கமே இல்லை. எதிரே நர்ஸ் நிற்கிறாள், பாப்பா அங்கி நாடாவைச் சவைக்கிறது. வானத்தையும் பூமியையும் என்று அந்தப் பழைய அருவி தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். இன்னும் ஏதேதோ வந்தது, அதையும் விழுங்கினாள்.  பாப்பாவின் முடியை ஒதுக்கி, அந்தக் காதையே பார்த்தாள்.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட இடது காது. எங்களுக்குப் பயமா இருக்கு. இதைச் சரி பண்ணுங்க.”

நின்றுவிட்டது. காஜாக்காரி காத்திருந்தாள். நர்ஸும் காத்திருந்தாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்மா என்கிட்ட இருக்கு.”

காஜாக்காரி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஃபாரத்தை முழங்கால் மேல் விரித்துக் கையெழுத்துப் போட்டு நர்ஸிடம் கொடுத்தாள். பாப்பாவை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள் காஜாக்காரி. “இந்தத் தடவை நானும் கூடச் சொல்றேன்.”